புது பிரேக் பேட் போட்டும் போகாத கீச்சு

அலுவலக நண்பர் என் காரின் அதே மாடலை செகண்ட் ஹேண்டில் பார்த்து வைத்திருக்கிறார். "வாங்கலாமா ஜி?" என்று கேட்டதால் இந்தப் பதிவு. மைலேஜ், டிக்கி அளவெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சென்னை வெயிலுக்கு ஏசி பிரமாதம். இன்ஜின் இன்றுவரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. என் பிரச்சினை முன் பிரேக்.

போன மழைக்காலம் முடிந்ததும் சத்தம் ஆரம்பித்தது. வேகத்தில் வராது. சிக்னலை நெருங்கி, காலை லேசாக வைத்து நிறுத்தும்போது காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கீச்சு. பக்கத்தில் நிற்கும் பைக்காரர் குனிந்து நம் சக்கரத்தைப் பார்ப்பார். பின்சீட்டில் இருக்கும் அம்மாவோ, "இறங்கி என்னன்னு பாருப்பா" என்பார்.

காலையில் வண்டியை எடுத்ததும் வரும் கரகரப்பை இதோடு சேர்க்காதீர்கள். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. எங்கள் வீடு திருவான்மியூரில். உப்புக்காற்றில் ஒரே ராத்திரியில் அதன் மேல் லேசாகத் துரு படிந்துவிடும். தெருமுனை தாண்டுவதற்குள் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்தும் பேட் அதைச் சுரண்டி எடுத்துவிடும். அதற்கெல்லாம் செலவு செய்யவே வேண்டாம்.

சர்வீஸ் சென்டரில் "பேட் தேஞ்சிடுச்சு சார்" என்று மாற்றினார்கள். தேய்ந்தால் சத்தம் வரும் என்பது உண்மைதான். பல பேட்களில் அதற்கென்றே ஒரு சின்ன இரும்புத் தகடு இருக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் மிச்சம் என்கிற நிலையில் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். ஆனால் புது பேட் போட்ட சில வாரத்தில் மறுபடி கீச்சு. திரும்பப் போனால், "தூசி சார், எல்லா வண்டிக்கும் வரும்" என்கிறார்கள். கழற்றிய பழைய பேடைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வெளிப்பக்கத்து பேடில் பாதிக்கு மேல் மிச்சம். உள்பக்கத்தது சரிவாகத் தேய்ந்து, ஒரு ஓரம் கிட்டத்தட்ட இரும்பைத் தொட்டுவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னக் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். இதைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு பேடுகளை அழுத்தும் காலிப்பரைச் சோதிக்கத் தோன்றவில்லையே என்பதுதான் இன்னும் ஆறாத கோபம்.

வேளச்சேரியில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைத் தூக்கி, அது நகர்வதற்கு உதவும் ஸ்லைடு பின்னை இழுத்தார். மேல் பின் வந்துவிட்டது. கீழ் பின் அசையவே இல்லை. பிளையரில் பிடித்துத் திருகித் திருகி எடுத்தால் முழுக்கத் துரு. பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. பின் நகராவிட்டால் அழுத்தம் கொடுக்கும் பிஸ்டன் பக்கத்து பேட், அதாவது உள்பக்கத்தது மட்டும் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். சூடேறி மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்துவிடும், அப்புறம் கத்தும். போதாக்குறைக்கு, பேடின் முதுகில் அதிர்வைத் தாங்கும் ஷிம் தகடுகளையும் காணோம். பேட் மாற்றியபோது திரும்பப் போடவே இல்லை.

அண்ணன் துளையைச் சுத்தம் செய்து, புது பின், புது பூட், பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் போட்டார். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய்ப் பின் மறுபடி இறுகிவிடுமாம். பேடை எமரி ஷீட்டில் தேய்த்து, ஷிம் வாங்கிப் பொருத்தினார். பேட் மாற்றிய பில்லில் பாதிகூட ஆகவில்லை. அதற்கப்புறம் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். பிரேக்கில் சின்னச் சத்தம்கூட இல்லை.

நியாயமாகச் சொன்னால், இது வண்டியின் குறை இல்லை. பூட் கிழிவது எந்த காரிலும் நடக்கும். அதே சர்வீஸ் சென்டரில் எலக்ட்ரிக்கல் வேலை சுத்தமாக இருக்கும், பில்லிலும் ஏமாற்றியதில்லை. ஓட்ட இவ்வளவு சுகமான காரை இந்த விலையில் நான் வேறு பார்க்கவில்லை.

ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நம் ஏரியாவில் இந்த கம்பெனிக்கு இருப்பது அந்த ஒரே சர்வீஸ் சென்டர். பிரேக் விஷயத்தில் "எல்லா வண்டிக்கும் வரும்" என்று சொல்லும் இடத்துக்கு இன்னொருவரை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அதையும் மீறி அவர் வாங்குவதானால், முன் சக்கரம் இரண்டையும் கழற்றி உள்பக்க பேடைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கட்டும்.