ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்: மூணு பாய்ரோல யாரு கூட ரயில் ஏறலாம்?

அகதா கிறிஸ்டி 1934ல எழுதுன ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் கொலை நாவல 2017ல கென்னத் பிரானா மறுபடி படமா எடுத்தாரு, அதுக்கு முன்னாடி சிட்னி லூமெட்டோட 1974 படம் இருக்கு, டேவிட் சூஷே நடிச்ச 2010 டிவி படம் இருக்கு. மூணுல எது பெஸ்ட்னு கேட்டா நான் யோசிக்காம 1974னு சொல்வேன். முடிவ உடைக்காம காரணத்த சொல்றேன், கதை தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம்.

இந்தக் கதையில ஆக்‌ஷன்னு ஒண்ணுமே கிடையாது. யூகோஸ்லாவியாவுல பனியில ரயில் மாட்டிக்குது, உள்ள ஒரு பொணம், உடம்புல பன்னெண்டு கத்திக்குத்து, அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா வந்து உக்காருவாங்க, துப்பறிவாளர் பாய்ரோ கேள்வி கேப்பாரு, அவ்ளோதான் நாவலே. அந்தப் பேச்சுதான் சாமி, அத நம்புற டைரக்டர் ஜெயிக்கிறாரு.

லூமெட் நம்பினாரு. இங்க்ரிட் பெர்க்மன் வர்ற விசாரணை சீன பாருங்க, நாலு நிமிஷத்துக்கு மேல கட்டே இல்லாம ஒரே ஷாட், கேமரா மெதுவா அவங்களோடயே நகருது, அந்தம்மா தடுமாறி தடுமாறி பேசும்போது இவங்க எதையோ மறைக்கிறாங்களா இல்ல நெஜமாவே இவ்ளோ வெகுளியான்னு நமக்கே கொழம்பிடும், இந்த ரோலுக்குத்தான் சிறந்த துணை நடிகை ஆஸ்கர் குடுத்தாங்க. ஆல்பர்ட் ஃபின்னியோட பாய்ரோ கத்துவாரு, கழுத்த சுருக்கிட்டு ஒரு மாதிரி நடப்பாரு, சிலருக்கு ஓவரா தெரியும், எனக்கு அந்த எரிச்சல் மூட்டுற குணம்தான் சரின்னு படுது, எதிராளி நிதானம் தவறுனாதான உண்மை வெளிய வரும்.

இன்னொரு விஷயம், கதைக்குப் பின்னணியா வர்ற ஆம்ஸ்ட்ராங் குடும்பத்து குழந்தை கடத்தல். 1932ல அமெரிக்காவுல நடந்த, விமானி லிண்ட்பெர்க்கோட குழந்தை கடத்தல வச்சு கிறிஸ்டி உருவாக்குனது இது. நாவல்ல எரிஞ்சு போன ஒரு காகிதத் துண்ட வச்சு பாய்ரோ அத கண்டுபிடிப்பாரு, லூமெட் என்னடான்னா படத்தோட தொடக்கத்துலயே பேப்பர் கட்டிங்கும் மௌனக் காட்சியுமா காட்டிடறாரு. மர்மம் கொஞ்சம் குறையத்தான் செய்யுது, ஆனா ரயில்ல ஏறுற ஒவ்வொரு மூஞ்சியையும் அந்த துக்கத்தோட சேத்து பாக்க ஆரம்பிச்சிடறோம்.

பிரானா படம் கண்ணுக்கு விருந்து, அதுல சந்தேகமே வேணாம், 65எம்எம்ங்கற அகலமான ஃபிலிம்ல எடுத்தது. பொணத்த கண்டுபிடிக்கிற இடத்த முழுக்க மேல இருந்தே காட்டுவாரு பாருங்க, அது அருமையான ஐடியா. மிஷெல் ஃபைஃபரும் நல்லா பண்ணிருக்காங்க. ஆனா பேச்சு மேல அவருக்கு நம்பிக்கை இல்ல, போர் அடிச்சிடுமோன்னு பயந்து ரயில உயரமான பாலத்து மேல நிறுத்தி, துரத்தல், துப்பாக்கின்னு சேத்துட்டாரு. நாவல்ல தனித்தனியா வர்ற கர்னலையும் டாக்டரையும் ஒரே ஆளாக்கினது நல்ல யோசனைதான், இருந்தும் விசாரணை எல்லாம் துண்டு துண்டா ஓடுறதால பாதி பேரு மனசுல பதியவே மாட்டேங்குறாங்க, ஜூடி டென்ச்ச கூட்டிட்டு வந்துட்டு இவ்ளோ கம்மியா யூஸ் பண்ணது எனக்கு ரொம்ப வருத்தம்.

சூஷே படம் வேற ரகம். ஒன்றரை மணி நேரம்தான், இருட்டு, குளிரு. இதுல பாய்ரோ ஜெபமாலையோட இருக்கிற கத்தோலிக்கர், சட்டத்த மீறுனா எதுவும் மிஞ்சாதுன்னு நெஜமா நம்புறவரு. அதனால கடைசியில அவர் எடுக்க வேண்டிய முடிவு மத்த ரெண்டு படத்த விட இதுலதான் நல்லா வலிக்குது. துப்பறியிற பகுதி மட்டும் அவசரமா முடிஞ்சிடும், கதை தெரியாம பாத்தா க்ளூ எல்லாம் கைநழுவிடும்.

அதனால கதை தெரியாதவங்க 1974ல ஆரம்பிங்க, தெரிஞ்சவங்க நேரா சூஷேகிட்ட போங்க. பிரானா படத்த பாக்குறதுன்னா பெரிய திரையில பாருங்க, மொபைல்ல பாத்தா அதோட பலமே போயிடும்.