மணாலி–லே சாலையில் ஒரு மூன்று லிட்டர் குக்கர்

அடுத்த கோடையில் நாலு பேராக மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போகிறோம், சமையலுக்கு நீங்கள் அந்த வழியில் கொண்டுபோன அதே குக்கரை வாங்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கைப்பிடி ஆடுகிறதென்று அதை ரிப்பேர் கடைக்குத் தூக்கிப்போய்விட்டு இப்போதுதான் வந்தேன். எழுத்தில் சூடு தெரிந்தால் அதுதான் காரணம்.

சோற்று விஷயத்தில் அதைக் குறை சொல்ல நாக்கு கூசுகிறது. சர்ச்சு 4,200 மீட்டருக்கு மேலே இருக்கிற இடம். தண்ணீர் அங்கே 86 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி போட்டால் வெளியே குழைந்து நடுவில் அரிசியாகவே நிற்கும். துவரம்பருப்போ மணிக்கணக்கில் கொதித்தாலும் முழித்துக்கொண்டு கிடக்கும். வெயிட் போட்ட குக்கருக்குள் அந்த உயரத்திலும் 110 டிகிரி தாண்டுகிறது. நாலைந்து விசிலில் பொங்கல்! சீக்கிரம் வெந்தால் எரிபொருள் மிச்சம், பெட்ரோல் ஸ்டவ் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். வழியில் தாண்டி என்கிற ஊரின் பெட்ரோல் பங்கை விட்டால் அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று அங்கேயே போர்டு வைத்திருந்தார்கள்.

அளவு மட்டும் கவனம். தண்ணீரோடு சேர்த்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, பொங்கி வருகிற அரிசி, பருப்பென்றால் பாதிக்கு மேல் கூடாது. பொங்கலென்றால் அரிசியும் பருப்புமாகக் கொஞ்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சர்ச்சுவுக்கு முன்னால், அதைவிடத் தாழ்வாக இருக்கிற ஜிஸ்பாவில் நாலு பேருக்கு அது எந்த மூலைக்கு? இரண்டு ஈடு வைக்க வேண்டும். சர்ச்சுவில் அதே ஒரு ஈடு மிஞ்சும், உயரம் ஏற ஏறப் பசி செத்துவிடுகிறது. ஆளுக்கு இத்தனை கிராம் என்று முழுப் பயணத்துக்கும் ஒரே கணக்குப் போடாதீர்கள்.

இனி அந்தக் கைப்பிடி. சாலைக் குலுக்கலில் தினமும் ஸ்க்ரூ தளர்ந்துவிடும். இறுக்கலாமென்றால் அது குழிக்குள் ஆழமாகப் புதைந்திருக்கிறது, சைக்கிள் டூல் எட்டாது. எடையைக் குறைக்கப் பல்விளக்கும் பிரஷ்ஷின் காம்பையே பாதியாக வெட்டுகிற கூட்டம் நாங்கள். இந்த ஒரு ஸ்க்ரூவுக்காக நீள ஸ்க்ரூ டிரைவரைத் தனியாகச் சுமந்தோம். அடுப்படிக்கென்று செய்த பொருளை வழியில் வருகிற மோர் என்கிற சமவெளியில் உருட்டிவிட்டுக் கம்பெனியைத் திட்டுவது நியாயமில்லைதான். இருந்தாலும் அந்த ஸ்க்ரூவை அரை இஞ்ச் வெளியே வைத்திருந்தால் யார் குடி கெட்டிருக்கும்? இப்போது கடைக்காரர் சொல்கிறார், இந்த மாடலுக்கு மேல் கைப்பிடி தனியாக வராதாம், மூடியோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டுமாம்.

ஆகவே தம்பி, வாங்காதே. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வீண் சுமை. பரத்பூர், சர்ச்சு, பாங் என்று வழியெல்லாம் சீசனில் கூடாரக் கடைகள் இருக்கின்றன, ராஜ்மா சாதம், ஆம்லெட், மேகி கிடைக்கும். (அந்த ராஜ்மாவும் குக்கரில் வெந்ததுதான், அது வேறு விஷயம்.) காலைக்கு அவலும் வெல்லமும் போதும், அடுப்பே வேண்டாம்.

என்னுடையதை இரவல் கேட்காதே. மூடிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.