வேலூர் சத்துவாச்சாரி ராணுவத் தேர்வுப் பயிற்சி மையம்: நம்பிச் சேர்க்கலாம்

ப்ளஸ் டூ முடித்ததிலிருந்து என் தம்பிக்கு ஒரே பேச்சு, கருப்புப் பூனைப் படையில்தான் (என்.எஸ்.ஜி., தேசியப் பாதுகாப்புப் படை) சேரணும். முன்பு போன ஒரு இடத்தில் 'கமாண்டோ கோர்ஸ்' என்று பேனர் கட்டி, மொத்தப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு, கருப்பு டிராக் சூட் ஒன்று கொடுத்தார்கள், அவ்வளவுதான். இங்கே பாடம் எடுக்கிற ரிட்டயர்டு சுபேதார் சார், சேர்க்கும்போதே எங்களை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்: "தம்பி, அதுக்கு நேரடி ஆளெடுப்பே கிடையாது. முதல்ல ராணுவத்துக்கோ சி.ஆர்.பி.எஃப்.புக்கோ போ."

ஞாயிற்றுக்கிழமை பொது அறிவு வகுப்பில் நானும் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். அந்தப் படையின் இரண்டு பிரிவுகளுக்கு போர்டில் இரண்டு கட்டம் போட்டார். ஒன்று எஸ்.ஏ.ஜி. (ஸ்பெஷல் ஆக்‌ஷன் குரூப்), தாக்குதலுக்குப் போகிறவர்கள், முழுக்க ராணுவத்திலிருந்து வருபவர்கள், இன்னொன்று எஸ்.ஆர்.ஜி. (ஸ்பெஷல் ரேஞ்சர் குரூப்), துணை ராணுவப் படைகளிலிருந்து வருபவர்கள், ஜெயலலிதாவைச் சுற்றிக் கருப்பு உடையில் நின்றார்களே, அந்த மாதிரி வி.ஐ.பி. பாதுகாப்பெல்லாம் இவர்கள் பார்த்தது. மேலே தலைவராக ஒரு ஐ.பி.எஸ். அதிகாரி. ராணுவக்காரனுக்கு மேலே போலீஸா என்று ஒரு பையன் எழுந்து கேட்டான். அவனை அடக்கவில்லை, 1984ல் பொற்கோயிலுக்குள் டாங்கிகளோடு ராணுவம் நுழைந்ததில் எவ்வளவு உயிரும் கட்டடமும் போனது என்பதிலிருந்து ஆரம்பித்து, அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் உள்துறையின் கீழ் தனிப்படை அமைத்தார்கள், 1986ல் அதற்குச் சட்டமே வந்தது, 1988ல் அதே கோயிலை வளைத்து உட்கார்ந்து, உள்ளே இருந்த தீவிரவாதிகளைச் சரணடைய வைத்தார்கள், கோயிலுக்குப் பெரிய சேதம் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். 2008 மும்பை பயங்கரவாதத் தாக்குதல் பற்றிச் சொல்லும்போது ஹாலே அமைதியாகிவிட்டது. டெல்லி பக்கம் இந்தப் படையின் முகாம் இருக்கிற மானேசரில் ஆள் தயார், விமானம் சண்டிகரிலிருந்து வரணும், மும்பை போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிட்டது. அந்தத் தாமதத்துக்குப் பிறகுதான் சென்னை உட்பட நாலு ஊர்களில் கிளைப் படை வைத்தார்கள். நம் பக்கம் வண்டலூர் அருகே நெடுங்குன்றத்தில் இருக்கிறது.

காலையில் கோட்டை மைதானத்தில் 1600 மீட்டர் ஓட்டம், அப்புறம் பீம் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது), 9 அடி பள்ளம் தாண்டுவது. கம்மவான்பேட்டைப் பையன்களும் வருகிறார்கள், வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர், அவர்களோடு ஓடினாலே தம்பிக்கு வேகம் கூடுகிறது. இப்போது ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்கிற அக்னிவீர் என்றால் 4 வருடம், அதற்குப் பிறகு 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம் என்பதையும் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்கிறார்.

குறை என்றால், வகுப்பறை ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வேலூர் மே மாத வெயிலில் மதியம் உட்காரவே முடியாது. கணக்குக்கு இன்னொரு ஆசிரியர் கட்டாயம் வேண்டும், எழுத்துத் தேர்வில்தான் நம் பையன்கள் நிறையப் பேர் விழுகிறார்கள். கட்டணம் மாதா மாதம்தான் வாங்குகிறார்கள், ரசீது தருகிறார்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு ஞாயிறு நீங்களும் போய் உட்கார்ந்து கேளுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.