ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள்: 301 வழிமாற்றமா, கேனானிக்கல் குறிச்சொல்லா?

ஒரு தளத்தை எச்டிடிபி, அதன் பாதுகாப்பான வடிவமான எச்டிடிபிஎஸ் இரண்டிலும், முன்னால் மூன்று டபிள்யூக்களைச் சேர்த்தும் சேர்க்காமலும் திறக்க முடிந்தால், அதன் முகப்புக்கு நான்கு முகவரிகள் ஆகிவிடுகின்றன. உட்பக்கங்களின் இறுதியில் சாய்கோடு இருப்பதும் இல்லாததும் இக்கணக்கை மேலும் பெருக்கும். படிப்பவருக்கு இவை ஒரே பக்கம்; தேடுபொறிக்கோ ஒவ்வொன்றும் தனி முகவரி. எதை முடிவுகளில் காட்டுவது என்பதை நாம் சொல்லாவிட்டால் அதுவே தேர்ந்துகொள்ளும். விருப்பமான முகவரியைக் குறிக்க, தள உரிமையாளர்களுக்கான கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் இருந்த அமைப்பும் 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது.

301 என்பது சர்வர் தரும் பதில். பழைய முகவரியைக் கேட்டவருக்குப் பக்கத்தைத் தராமல், 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டது' என்று புதிய முகவரியை மட்டும் அது தருவதால், வாசகரும் தேடுபொறியும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கிறார்கள். 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்த கேனானிக்கல் குறிச்சொல்லோ, 'இப்பக்கத்தின் முதன்மை முகவரி இது' என்று பக்கத்தின் எச்டிஎம்எல் குறிமுறையின் தலைப்பகுதியில் எழுதப்படும் ஒரு பரிந்துரைதான். வாசகர் வந்த முகவரியிலேயே இருப்பார், தேடுபொறியும் வேறு அறிகுறிகள் முரண்பட்டால் அதைப் புறக்கணிக்கலாம்.

ஆகவே, பழைய முகவரி யாருக்கும் தேவைப்படாத இடங்களிலெல்லாம் என் தேர்வு 301-தான். அதற்கும் ஓர் ஆபத்து உண்டு: உலாவிகள் அதை நினைவில் வைத்துக்கொள்வதால், தவறான விதியை நாம் திருத்திய பிறகும் முன்பு வந்தவர்கள் பழைய திசையிலேயே போகக்கூடும். தற்காலிக மாற்றத்தைக் குறிக்கும் 302-ஐ வைத்துச் சோதித்துவிட்டுப் பின்னர் 301-க்கு மாறுவது நல்லது. மாற மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. படிவங்கள் அனுப்பப்படும் முகவரிகளுக்கு, நிரந்தர மாற்றத்தையே குறிக்கும் 308 பொருந்தும்; 301-இல் தரவை அனுப்பும் போஸ்ட் கோரிக்கை, பக்கத்தை மட்டும் கேட்கும் கெட் கோரிக்கையாக மாறிவிடலாம், 308-இல் மாறாது.

விதி எழுதும்போது பாதை மாறாமல் இருக்க வேண்டும். பழைய கட்டுரையின் முகவரி அதே கட்டுரைக்குப் போகாமல் முகப்புக்குப் போனால், அந்தப் பக்கம் இல்லாமற்போனதாகவே கூகுள் கருதக்கூடும். எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஒரு தாவல், அங்கிருந்து டபிள்யூ முகவரிக்கு இன்னொன்று என்று சங்கிலியாக்காமல், இயன்றவரை ஒரே தாவலில் முடிப்பது மேல்.

இரு முகவரிகளும் இயங்கியே தீரவேண்டிய இடத்தில்தான் கேனானிக்கல் வெல்கிறது. விலை வாரியாக வரிசைப்படுத்திய பட்டியலையோ, விளம்பரத்தின் தடம் அறியும் ஒட்டுச் சேர்ந்த முகவரியையோ வழிமாற்றினால் அந்த வசதியே கெட்டுப்போகும். பிடிஎஃப் கோப்பில் குறிச்சொல் வைக்க இடமில்லை என்றாலும், சர்வர் பதிலோடு முன்குறிப்பாக வரும் ஹெடரில் அதைச் சொல்லிவிடலாம். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான டெம்ப்ளேட்டில் முகப்பின் முகவரியை அப்படியே எழுதிவிட்டு, எல்லாப் பக்கங்களும் தம்மை முகப்பின் நகலென்று அறிவிக்கும்படி விடுவது அடிக்கடி நேரும் பிழை.

எவற்றைப் படிக்கக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் (robots.txt) நகல்களைத் தடுப்பதை இவற்றுக்கு மாற்றாகவே நான் கருதுவதில்லை. தடுத்த பக்கத்தைத் தேடுபொறி படிக்காது. படிக்காத பக்கத்தின் கேனானிக்கலும் அதன் கண்ணில் படாது.

எதைத் தேர்ந்தாலும், தளத்தின் உள் இணைப்புகளும், தேடுபொறிக்குத் தரும் பக்கப் பட்டியலான சைட்மேப்பும் அதே முகவரியைக் காட்ட வேண்டும். வழிமாற்ற விதிகளைக் குறைந்தது ஓராண்டு நீக்காமல் வைத்திருக்கும்படி கூகுள் அறிவுறுத்துகிறது. வெளித்தளங்களில் பழைய இணைப்புகள் அதற்குப் பின்னும் கிடக்கும் என்பதால், நான் அவற்றை நீக்குவதே இல்லை.