மைலேஜ் கூட்டும் சாமானா, கம்பெனி பார்ட்டா?

கார் ஆக்சஸரீஸ் கடையில் "மைலேஜ் கம்மியா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், காரின் கம்ப்யூட்டரைப் பரிசோதிக்க வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் குட்டிப் பெட்டி, கழுவிக் கழுவிப் போடும் பஞ்சு ஏர் ஃபில்டர், இரிடியம் ஸ்பார்க் பிளக் என்று மேசை நிறைந்துவிடும். "மாட்டிப் பாருங்க சார், லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கூடும்." இவை எல்லாம் ஒரே ரகமில்லை. சில சுத்த ஏமாற்று. சில நல்ல பொருள்தான், ஆனால் மைலேஜுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் குறைவு.

காந்தத்தையும் ஓபிடி பெட்டியையும் சீக்கிரம் முடித்துவிடலாம். பெட்ரோல் சரியாக எரியாமல் வீணாகிறது, அதை எரிய வைக்கிறோம் என்பதுதான் காந்தக்காரர்களின் கதை. நல்ல நிலையில் உள்ள இன்றைய இஞ்சினில் எரியாமல் வெளியேறுவது 2 சதவீதம்கூட இருக்காது. அதையும் சேர்த்து எரித்தாலும் 20, 30 சதவீத மிச்சம் எங்கிருந்து வரும்? மலிவான ஓபிடி பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது கண்சிமிட்டும் எல்இடி விளக்குகளும் அவற்றை இயக்கும் ஒரு சிப்பும்தான். காரின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான பாகமே உள்ளே இல்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இப்படி 100-க்கும் மேற்பட்ட சாதனங்களைப் பரிசோதித்திருக்கிறது. குறிப்பிடும்படி மைலேஜைக் கூட்டியது ஒன்றுமில்லை. பிறகு ஏன் சிலர் கூடியதாகச் சத்தியம் செய்கிறார்கள்? காசு கொடுத்து மாட்டியவர் அடுத்த சில வாரம் ஆக்சிலரேட்டரை மெதுவாகத்தான் மிதிப்பார்.

ஏர் ஃபில்டர் விஷயம் இவ்வளவு எளிதில்லை, ஏனென்றால் அந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. கம்ப்யூட்டர் இல்லாமல் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுத்த பழைய கார்புரேட்டர் காரில் ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், பெட்ரோலின் பங்கு கூடும், மைலேஜ் விழும். இப்போது சைலன்சர் பாதையில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற கணக்கை அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்கிறது. காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைத்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்தபோது, இப்படிக் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் கார்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறையவில்லை, பிக்கப்தான் குறைந்தது. அடைத்த ஃபில்டரே மைலேஜைக் கெடுக்கவில்லை என்றால், தாராளமாகக் காற்று விடும் ஃபில்டர் மட்டும் எப்படிக் கூட்டும்? நகரத்தில் ஓட்டும்போது பெட்ரோல் இஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் உள்ள த்ராட்டில் என்ற கதவு பாதிக்கு மேல் மூடியேதான் இருக்கிறது. குழாயைத் திருகி மூடிவிட்டு, மேலே அகலமான பைப் போட்டது போலத்தான் இதுவும்.

காசுக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 18 என்றால் ஏறத்தாழ 56 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 5,600 ரூபாய். பஞ்சு ஃபில்டர் 1 சதவீதம் மிச்சம் பிடித்தாலும் மாதம் 56 ரூபாய்தான். 4,500 ரூபாய் கொடுத்து வாங்கினால் போட்ட காசு திரும்ப ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். இதில் கழுவும் திரவம், கழுவியபின் பஞ்சில் தடவும் எண்ணெய் செலவு வேறு. எண்ணெயை அதிகமாகத் தடவிவிட்டால், உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் உள்ள கார்களில் அதன் மேல் படிந்து வேறு தொல்லை வரும். சில நூறு ரூபாய் காகித ஃபில்டரே எனக்குப் போதும்.

பிளக்கில் இரிடியம் நல்ல பொருள், ரொம்ப நாள் உழைக்கும். தேய்ந்த பிளக்கை எடுத்துவிட்டுப் போட்டால் வித்தியாசம் தெரியும்தான், ஆனால் புது சாதா பிளக் போட்டாலும் அதே வித்தியாசம் தெரியும். மேனுவலில் சொன்ன பிளக் நம்பரை மட்டும் மாற்றாதீர்கள். சூடு தாங்கும் அளவு மாறினால் கார்பன் படியும், இல்லையென்றால் இஞ்சின் தட்டும்.

அதற்காகக் கார் கம்பெனி பெயர் போட்ட டப்பாதான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. பாஷ், டென்சோ, என்ஜிகே போன்றவர்கள்தான் பல கார் கம்பெனிகளுக்கே பார்ட் செய்து கொடுக்கிறார்கள். அதே எண்ணுள்ள பார்ட் அவர்களுடைய டப்பாவிலேயே பல நேரம் விலை குறைவாகக் கிடைக்கும். பயப்பட வேண்டியது டூப்ளிகேட்டுக்குத்தான், அதனால் பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

சரி, எதை மாற்றினால் மைலேஜ் உண்மையிலேயே அசையும்? ஆயிலும் டயரும். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலை ஊற்றச் சொன்ன இஞ்சினில் "நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார்" என்று 20டபிள்யூ-50 ஊற்றும் மெக்கானிக்குகள் உண்டு. 5டபிள்யூ-30 கேட்கும் இஞ்சினில் 10டபிள்யூ-30 ஊற்றினாலே 1 முதல் 2 சதவீதம் போய்விடும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. டயர் உருளும்போது ஏற்படும் தடை 10 சதவீதம் குறைந்தால் பெட்ரோல் 1, 2 சதவீதம் மிச்சமாகும். ஆகவே டயரில் மட்டும் கம்பெனி போட்டதை விட்டு வேறு பிராண்டுக்குப் போக நான் தயார், ஆனால் சைஸ் மாறக் கூடாது. 165/80 ஆர்14 இருந்த இடத்தில் 175/65 ஆர்14 போட்டால் சக்கரத்தின் விட்டம் 6 சதவீதம் சுருங்கும். அந்த அளவுக்கு மீட்டர் கிலோமீட்டரைக் கூட்டிக் காட்டும், லிட்டருக்கு 20 கொடுத்த கார் 21 கொடுப்பது போலத் தெரியும். கிரவுண்ட் கிளியரன்ஸும் போய்விடும். டயரில் பிடிக்க வேண்டிய காற்றளவு பல கார்களில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். காலையில் டயர் சூடாகும் முன் பிடிப்பதற்கான அளவு அது.