ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு திகதி: வெளிநாட்டுச் சாமான் கடையில் கவனம்

இலங்கையின் கல்முனைப் பக்கத்துச் சின்ன வெளிநாட்டுச் சாமான் கடையொன்றில் நோன்புக்கு முந்திய கிழமை வாங்கிய ஏழு பொருட்களில் நான்கு ஏமாற்று. சொக்லட் ஸ்பிரெட் போத்தலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், வரும் ஒக்டோபர் வரை பாவிக்கலாம் என்றது. உரித்துப் பார்த்தால் கம்பனி அடித்த திகதி போன நவம்பரோடு முடிந்திருந்தது. விலை கூடிய மதீனா இனமான 'அஜ்வா' என்று அரைக்கிலோ நிறுத்துத் தந்த ஈத்தம்பழம் அஜ்வா இல்லை. 'எக்ஸ்ட்ரா வேர்ஜின்' விலைக்குத் தந்த ஒலிவ் எண்ணெயின் பின்பக்க லேபிளில் 'பொமேஸ்', அதாவது சக்கை எண்ணெய், என்று பொடி எழுத்தில் இருந்தது. கிரீம் சீஸ் திறக்கும்போதே தண்ணீர் பிரிந்து புளித்துக் கிடந்தது. திருப்பிக் கொண்டுபோனால், "பில் இல்லாம மாத்தித் தர ஏலாது" என்ற பதில். பில் கேட்டபோது தந்ததோ மொத்தத் தொகையை மட்டும் எழுதிய ஒரு கடதாசித் துண்டு.

கடையின் பெயர் முறைப்பாட்டில் இருக்கிறது, இங்கே தேவையில்லை. இந்த நான்கையும் கடையில் வைத்தே கண்டுபிடித்திருக்கலாம். எப்படி என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது குற்றமல்ல. இறக்குமதியான உணவுப் பொதியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உற்பத்தியான நாடு, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, உச்ச சில்லறை விலை எல்லாம் இருக்கவேண்டும். வெளிநாட்டுப் பொதியில் இவை முழுதாக இருக்காது என்பதால் இங்கே ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அது எந்த இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். நேர்மையான இறக்குமதியாளர் வெற்றிடத்தில் ஒட்டுவார், கம்பனியின் திகதியும் தெரியும், இரண்டும் ஒன்றாக இருக்கும். திகதி அடித்த இடத்தின் மேலேயே ஸ்டிக்கர் இருந்தால் அந்தப் போத்தலைத் திரும்ப வைத்துவிடுங்கள். கடைக்காரர் என்ன காரணம் சொன்னாலும் சரி.

ஸ்டிக்கர் இல்லாமலும் திகதியை மாற்றுகிறார்கள். பிளாஸ்டிக்கிலும் தகரத்திலும் புள்ளி புள்ளியாக மையால் அடித்த திகதியை, நெயில் பொலிஷ் நீக்கும் திரவம் தொட்ட பஞ்சால் துடைத்தால் போய்விடும். பிறகு வேறு திகதி அடிக்கலாம். போனின் டோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள்: துடைத்த இடம் மினுக்கம் இழந்து மங்கலாகத் தெரியும். தொகுதி இலக்கமும் திகதியும் பெரும்பாலும் ஒரே இயந்திரம் ஒரே நேரத்தில் அடிப்பவை. இரண்டின் எழுத்தும் வேறு வேறாக இருந்தாலோ, தொகுதி இலக்கமே காணாமல் போயிருந்தாலோ சந்தேகப்படுங்கள். எல்லாவற்றிலும் உறுதியான சோதனை, ஒரே தொகுதி இலக்கமுள்ள மூன்று பொதிகளைத் தட்டிலிருந்து எடுத்து ஒப்பிடுவது. முடிவுத் திகதி மூன்றிலும் ஒன்றாக இருக்கவேண்டும். பெட்டிக்குள் சின்னப் பக்கற்றுகளாக வரும் சொக்லட்டென்றால் வெளிப்பெட்டித் திகதியையும் உள்பக்கற்றுத் திகதியையும் சேர்த்துப் பாருங்கள்.

திகதியைப் பிழையாக வாசித்தும் ஏமாறுகிறோம். வளைகுடாவிலிருந்து வரும் சிலவற்றில் அரபு இலக்கம் மட்டும் இருக்கும். அதில் பூச்சியம் வெறும் புள்ளி, வட்டமாகத் தெரிவது 5. நமது 7 போல இருப்பது 6. ஆங்கில 'வி' போல இருப்பது 7, அதைக் கவிழ்த்தால் 8. குர்ஆன் ஓதுகிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். தெரியாதவர் 2026 என்று இருப்பதை 2027 என்று வாசித்து, முடிந்துபோன சாமானுக்கு ஒரு வருடம் கூட்டிவிடுவார். தாய்லாந்துக்குள் விற்கத் தயாரித்தவற்றில் பௌத்த ஆண்டு வரும்: 68 என்றால் 2568, அதில் 543ஐக் கழித்தால் 2025. 05/08 என்று இருந்தால் மே மாதமா, ஓகஸ்ட் மாதமா என்பதை உற்பத்தித் திகதியோடு ஒப்பிட்டு முடிவுசெய்யுங்கள். அமெரிக்கச் சாமானில் மாதம்தான் முதலில் வரும்.

பார்கோட்டைக் காட்டி "ஒறிஜினல் துபாய் சாமான்" என்பதை நம்பவேண்டாம். 629 என்று தொடங்கினால் ஐக்கிய அரபு அமீரகம், 628 சவூதி, 890 இந்தியா, 479 இலங்கை என்பது சரி. ஆனால் அது அந்த இலக்கத்தைக் கம்பனி எந்த நாட்டில் பதிந்தது என்பதை மட்டுமே சொல்லும். சாமான் எங்கே செய்யப்பட்டது என்பதை அதில் அறிய முடியாது.

குளிரில் இருக்கவேண்டியவைதான் நமது பகுதியில் அதிகம் கெடுகின்றன. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பூட்டிய கடைக்குள் இருக்கும் சூட்டைச் சொல்லத் தேவையில்லை. கிரீம் சீஸ் 5 பாகைக்குக் கீழே இருக்கவேண்டும், உறைந்த உணவு கழித்தல் 18 பாகையில். இரவில் கரண்ட் மிச்சம் பிடிக்கப் பிரீஸரை நிறுத்தி, காலையில் திரும்பப் போடும் கடையைப் பட்டாணிப் பக்கற்றிலேயே பிடிக்கலாம். கையால் அமுக்கினால் மணிகள் தனித்தனியாக உருளவேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. சின்னப் போத்தலில் வரும் சீஸ் ஸ்பிரெட் திறக்கும்வரை வெளியில் இருக்கலாம், கிரீம் சீஸ் இருக்க முடியாது. இரண்டும் வெளித்தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அந்தக் கடையில் எந்தப் பாற்பொருளும் வாங்காதீர்கள். சொக்லட்டில் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தால் பெரும்பாலும் உருகி இறுகியது. அது நஞ்சல்ல, ஆனால் அந்தக் கடையின் சூட்டுக்குச் சாட்சி.

அடுத்தது ஈத்தம்பழம். உதிரியாக நிறுப்பதில் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் இனமும் நாடும் திகதியும் இருக்கும், கடைக்காரர் எழுதி வைத்த மட்டையில் எதுவும் இருக்கலாம். அஜ்வா கட்டையாக, உருண்டை சார்ந்து, கறுப்பாக, தோல் சுருக்கத்தில் மெல்லிய வெளிர் கோடுகளோடு இருக்கும். கையில் அவ்வளவாக ஒட்டாது. சபாவியும் மதீனாப் பழம்தான், கறுப்புத்தான், ஆனால் நீளமானது, விலையும் குறைவு. அந்தக் கடையில் தந்தது அதுதான். சபாவி நல்ல பழம். அஜ்வா விலைக்கு வாங்குவதுதான் நட்டம். கண்ணாடிபோல் மினுங்கி விரலில் பிசுபிசுக்கும் பழத்தில் சீனிப்பாகு தடவியிருக்கலாம். ஒன்றைப் பிளந்து காட்டச் சொல்லிப் புழு, பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒலிவ் எண்ணெயில் முன்பக்கப் படத்தை விட்டுப் பின்பக்கத்தை வாசிக்கவேண்டும். எக்ஸ்ட்ரா வேர்ஜின் பழத்தைப் பிழிந்து மட்டும் எடுப்பது, அமிலத்தன்மை 0.8 வீதத்துக்கு மேல் போகாது. பொமேஸ் என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் போட்டு எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய். பொரிக்கலாம், ஆனால் அந்த விலை அதற்கு இல்லை. பிரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனை எதையும் நிரூபிக்காது.

குங்குமப்பூ வாங்கினால் இரண்டு இழையைக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். நல்லது மெதுவாக மஞ்சள் விடும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்டதும் தண்ணீர் சிவந்து இழை வெளிறினால் சாயம். உப்பிய டின்னைச் சும்மா தந்தாலும் எடுக்காதீர்கள்.

பில் கேட்டால் கொடுப்பது கடைக்காரரின் சட்டக் கடமை. பொருளின் பெயரும் விலையும் தனித்தனியாக எழுதிய, கடைப்பெயரும் திகதியும் உள்ள பில்லைக் கேளுங்கள், காசு கொடுப்பதற்கு முன்பே. குறித்த விலைக்கு மேல் விற்பதும், லேபிளை அழிப்பதும் மாற்றுவதும் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி குற்றம். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. எழுத்து முறைப்பாடு வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். காலாவதியான, கெட்ட உணவென்றால் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். அவர் கடைக்கே வந்து தட்டில் மிச்சமிருப்பதைப் பார்க்கலாம், ஆகவே அன்றே சொல்வது நல்லது.

ஸ்டிக்கரை முழுதாக உரித்து எறிந்துவிடவேண்டாம். ஒரு மூலையை மட்டும் தூக்கி, மேல் திகதியும் அடித்திகதியும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள். பிறகு போத்தலை அப்படியே சொப்பிங் பையில் கட்டி, பில்லோடு வையுங்கள்.