பேக்கப் மெசேஜை நம்பாதீங்க: வண்ணாரப்பேட்டை கடைக்காரர்கள் கவனத்துக்கு

எம்.சி. ரோட்டிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் பல துணிக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்வது ஒரே ஆட்கள்தான். பெயர் போடவில்லை. ஆனால் யாரிடம் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) வைத்திருந்தாலும் இதைப் படித்துவிடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் கடைக்குள் தண்ணீர் ஏறி, சர்வர் மூழ்கிவிட்டது. கணக்கைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. தினமும் ராத்திரி பேக்கப் ஓடி, 'சக்ஸஸ்' என்று வாட்ஸப்பில் மெசேஜ் வரும். பென் டிரைவ் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். புது கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். ஏஎம்சி ஆட்கள் பென் டிரைவிலிருந்து கணக்கைத் திரும்ப ஏற்றி ரீஸ்டோர் செய்தார்கள். ஏப்ரல் வரைக்கும் கணக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு பில் கூட இல்லை.

"பென் டிரைவ் தண்ணியில கெட்டுப்போயிருக்கும் சார்" என்றார்கள். அது எங்கள் வீட்டு மாடியில், பீரோவுக்குள் இருந்தது! அப்புறம் 'டேட்டா ரெகவரி' என்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு, கடைசியில் கையை விரித்துவிட்டார்கள்.

பெரம்பூரில் இருக்கும் சொந்தக்காரப் பையன் ஒருவன் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறான். அவன் பென் டிரைவைப் போட்டு, ரீஸ்டோர் ஹெடர்ஒன்லி என்று ஒரு கட்டளை கொடுத்தான். ஒவ்வொரு ஃபைலும் என்ன வகை, எதைச் சார்ந்தது என்று அதில் தெரிந்துவிடுகிறது. எங்கள் கணக்கு இருந்தது எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில். ஏப்ரலில் எடுத்த ஃபுல் பேக்கப் ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் கடைசி ஒரு வாரத்து டிஃபரென்ஷியல். அதாவது, கடைசி ஃபுல் பேக்கப்புக்குப் பிறகு மாறியது மட்டும் அதில் இருக்கும். அந்த ஃபுல் இல்லாமல் டிஃபரென்ஷியலை வைத்து எதுவும் செய்ய முடியாது.

சரி, ஏப்ரல் ஃபுல்தான் இருக்கிறதே என்றேன். அது இதற்கு ஜோடி இல்லையாம். ஆடி முடிந்ததும் ஏதோ ரிப்போர்ட் சரிசெய்ய வேண்டும் என்று அவர்கள் ஆள் வந்து, இன்னொரு ஃபுல் பேக்கப் எடுத்துத் தன் லேப்டாப்பில் கொண்டுபோனார். காப்பி ஒன்லி என்று ஒரு ஆப்ஷன் உண்டு. அதைப் போட்டு எடுத்திருந்தால் பழைய வரிசை கலையாது. அவர் போடவில்லை. அன்றிலிருந்து எல்லா டிஃபரென்ஷியலும் அந்தப் புது ஃபுல்லைத்தான் தேடுகின்றன. அதன் ஒரு பிரதி மூழ்கிய சர்வரில். இன்னொன்றை லேப்டாப்பில் இடம் இல்லை என்று அழித்துவிட்டார். ஏப்ரல் ஃபுல்லோடு சேரக்கூடிய பழைய டிஃபரென்ஷியல்களையும் ஏழு நாளுக்கு மேல் வைக்காமல் அவர்கள் ஸ்கிரிப்டே அழித்துவந்திருக்கிறது. தினமும் வந்த 'சக்ஸஸ்' பொய் இல்லை, ஃபைல் ஒழுங்காகத்தான் எழுதப்பட்டது. ஃபைல் படிக்கிற நிலையில் இருக்கிறதா என்று சோதிக்கும் வெரிஃபை ஒன்லி கட்டளையை ஓட்டியிருந்தாலும் நன்றாக இருக்கிறது என்றே சொல்லியிருக்கும். ஜோடி ஃபுல் கைவசம் இருக்கிறதா என்று அது பார்க்காது.

என் வயிற்றெரிச்சல் வேறு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 'ரீஸ்டோர் டெஸ்ட்' என்று பில்லில் ஒரு வரி போட்டுக் காசு வாங்கியிருக்கிறார்கள். அக்டோபர் பில்லிலும் இருக்கிறது. அன்று பென் டிரைவை மட்டும் வைத்து நிஜமாகச் செய்திருந்தால் அன்றைக்கே எர்ரர் அடித்திருக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் செய்தீர்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. "பெரிய கம்பெனிக்கே நடக்குது சார்" என்றார் அவர்கள் ஓனர். நடந்ததுதான்: 2017 ஜனவரியில் சாஃப்ட்வேர் எழுதுபவர்களின் கோடை வைத்துக் காக்கும் கிட்லேப் நிறுவனமே பேக்கப் கைகொடுக்காமல் ஆறு மணி நேர டேட்டாவை இழந்தது. ஆனால் அவர்கள் நடந்ததை ஊரறிய எழுதினார்கள். இவர் பில் அனுப்பினார்.

ஜிஎஸ்டி எண் உள்ள கடைகளுக்குப் போட்ட பில்களை, தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) மூலம் போர்ட்டலிலிருந்து மீட்டோம். சில்லறை வியாபாரிகள் தரவேண்டிய பாக்கி அதில் கிடையாது. அவர்கள் சொன்னதுதான் கணக்கு.

உங்கள் ஏஎம்சி ஆளிடம் வேறு ஒரு கம்ப்யூட்டரில், உங்கள் கண்முன்னால், வெறும் பென் டிரைவை மட்டும் வைத்து ரீஸ்டோர் செய்யச் சொல்லுங்கள். செய்து முடித்ததும் நேற்று ராத்திரி போட்ட கடைசி பில்லின் நம்பரைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். அதுவரைக்கும் ரினியூவல் பணம் கொடுக்காதீர்கள்.